ஐக்கிய அமெரிக்கப் பெருநகரங்களின் அன்றாட உணவும் இரவு வாழ்வும் பண்பாடும்

ஐக்கிய அமெரிக்கப் பெருநகரங்கள் அன்றாட உணவு, இரவு வாழ்வு, கலை ஆகியவற்றில் ஒன்றிலிருந்து ஒன்று பெரிதும் வேறுபடுகின்றன. உயர்ந்த கட்டிடங்களும் ஒரே பெயர்ப்பலகை கொண்ட விரைவுணவுக் கடைகளும் எல்லா நகரங்களிலும் காணப்படுவதால் அவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்ற எண்ணம் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஏற்படுவதுண்டு. ஆனால் குறைந்த செலவில் எதை உண்ணலாம், இரவில் எத்தனை மணி வரை வெளியில் இருக்கலாம், எப்படி வீடு திரும்பலாம், இசையையும் ஓவியத்தையும் காணக் கட்டணம் உண்டா ஆகிய கேள்விகளுக்கு ஒவ்வொரு நகரத்திலும் வெவ்வேறு விடை கிடைக்கும். இக்கட்டுரை நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், ஹியூஸ்டன், நியூ ஓர்லியன்ஸ் ஆகிய ஐந்து நகரங்களை இந்த அடிப்படையில் ஒப்பிடுகிறது. முதல் நான்கும் 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மிகப்பெரிய நான்கு நகரங்கள் ஆகும். நியூ ஓர்லியன்ஸ் அளவில் சிறியது எனினும், உணவிலும் இசையிலும் அதற்குள்ள இடம் கருதி இங்கு சேர்க்கப்பட்டுள்ளது.

வேறுபாட்டுக்கான காரணங்கள்

இந்நகரங்களின் வேறுபாடுகளுக்கு நான்கு முதன்மையான காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, குடிபெயர்வு. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை சுமார் 60 இலட்சம் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தென் மாநிலங்களில் இருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இது பெரும் குடிபெயர்வு எனப்படுகிறது. பின்னர் 1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நாடு வாரியான பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கியதால் ஆசியா, இலத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் இருந்து வருவோர் எண்ணிக்கை பெருகியது. இன்று இந்நகரங்களில் மலிவாகக் கிடைக்கும் உணவின் பெரும்பகுதி இவ்விரு நகர்வுகளின் விளைவாகும்.

இரண்டாவது, மதுச் சட்டம். 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்டபோது மது விற்பனையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் விடப்பட்டது. ஆகையால் மதுக்கூடங்கள் மூடும் நேரம் மாநிலத்துக்கு மாநிலம், சில வேளைகளில் நகரத்துக்கு நகரம் மாறுபடுகிறது.

மூன்றாவது, மக்கள் அடர்த்தி. நியூயார்க்கில் ஒரு சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 11,000 பேர் வாழ்கின்றனர். சிகாகோவில் இது சுமார் 4,600 ஆகவும், லாஸ் ஏஞ்சலஸில் சுமார் 3,200 ஆகவும், ஹியூஸ்டனில் சுமார் 1,400 ஆகவும் உள்ளது. அடர்த்தி மிகுந்த இடத்தில் நடந்து செல்பவர்களை நம்பித் தள்ளுவண்டிக் கடை நடத்த முடியும். அடர்த்தி குறைந்த இடத்தில் கடை ஒன்று வாகன நிறுத்துமிடத்தை நம்பியே இருக்க வேண்டியுள்ளது.

நான்காவது, பொதுப் போக்குவரத்து. இரவு முழுதும் ஓடும் தொடர்வண்டி இருந்தால் இரவு நேரப் பணியாளர்களும் கேளிக்கைக்கு வருவோரும் மகிழுந்து இன்றி வீடு திரும்ப இயலும். இவ்வசதி மிகச் சில அமெரிக்க நகரங்களில் மட்டுமே உள்ளது.

நியூயார்க்

2020 கணக்கெடுப்பின்படி 88 இலட்சம் மக்களைக் கொண்ட நியூயார்க் நாட்டின் மிகப்பெரிய நகரம் ஆகும். இங்கு அன்றாட உணவு என்பது பெரும்பாலும் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ உண்ணும் உணவு. பெரிய பீட்சாவில் இருந்து வெட்டி விற்கப்படும் ஒற்றைத் துண்டு, அதை நீளவாக்கில் மடித்து உண்ணும் வழக்கம், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கொண்டுவந்த வளைய வடிவிலான பேகல் ரொட்டி, தெருமுனை மளிகைக் கடைகளில் காலையில் கிடைக்கும் முட்டை, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். பீட்சாத் துண்டின் விலையும் சுரங்கத் தொடர்வண்டிக் கட்டணமும் ஏறத்தாழ ஒன்றாகவே உயரும் என்று 1980 முதல் வேடிக்கையாகச் சொல்லப்பட்டு வருகிறது.

தெருவோரத் தள்ளுவண்டிகள் நகரின் அடையாளங்களுள் ஒன்று. மன்ஹாட்டனில் 53 ஆம் தெருவில் 1990 இல் எகிப்தியக் குடியேறிகள் தொடங்கிய வண்டி ஒன்று முதலில் சூடான சாசேஜ் ரொட்டி விற்றது. வாடகை மகிழுந்து ஓட்டுநர்களுள் பலர் முசுலிம்களாக இருந்ததையும் அவர்களுக்கு ஒரு வேளை முழு உணவு தேவைப்பட்டதையும் உணர்ந்து, அவ்வண்டி ஹலால் கோழியும் சோறும் விற்கத் தொடங்கியது. இவ்வுணவு பின்னர் நகர் முழுவதும் பரவியது.

ஆனால் தள்ளுவண்டி உரிமங்களின் எண்ணிக்கைக்கு 1983 இல் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இதனால் சில நூறு டாலருக்கு நகராட்சி வழங்கும் உரிமம் கள்ளச் சந்தையில் பல ஆயிரம் டாலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. உரிமம் இல்லாதவர்கள் தண்டத்தொகைக்கும் பறிமுதலுக்கும் ஆளாயினர். 2021 இல் இயற்றப்பட்ட நகரச் சட்டம் ஒன்று, ஆண்டுக்கு 445 புதிய உரிமங்களைப் பத்தாண்டுகளுக்கு வழங்க வகைசெய்தது.

இரவு வாழ்வைப் பொறுத்தவரை, இங்கு மதுக்கூடங்கள் அதிகாலை 4 மணி வரை இயங்கலாம். 1904 இல் தொடங்கப்பட்ட சுரங்கத் தொடர்வண்டி 24 மணி நேரமும் ஓடுகிறது. கொரோனா பெருந்தொற்றின்போது 2020 மே முதல் 2021 மே வரை மட்டும் அது நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. 1926 இல் கொண்டுவரப்பட்ட கேபரே சட்டத்தின்படி, தனி உரிமம் இல்லாத உணவகத்திலோ மதுக்கூடத்திலோ வாடிக்கையாளர்கள் நடனமாடுவது குற்றமாக இருந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் கூடிய ஜாஸ் இசைக்கூடங்களை ஒடுக்க இச்சட்டம் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்து வந்தது. 2017 இல் இது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் இரவு நேரத் தொழில்களைக் கவனிக்க நகராட்சியில் தனி அலுவலகமும் உருவாக்கப்பட்டது.

41 பிராட்வே நாடக அரங்குகள், 1870 இல் நிறுவப்பட்ட மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், 1929 இல் தொடங்கப்பட்ட நவீன கலை அருங்காட்சியகம் ஆகியவை நகரின் புகழ்பெற்ற நிறுவனங்கள். எனினும் நகரின் மிகப் பரவலான கலை வடிவம் எந்த அரங்கிலும் பிறக்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பின் பொதுக்கூடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்த நிகழ்ச்சி ஹிப் ஹாப் இசையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

சிகாகோ

சுமார் 27 இலட்சம் மக்கள் வாழும் சிகாகோ இறைச்சித் தொழிலால் வளர்ந்த நகரம். 1865 முதல் 1971 வரை இயங்கிய யூனியன் கால்நடைச் சந்தை இதற்கு அடிப்படையாக இருந்தது. நகரின் மலிவு உணவுகளில் இதன் தாக்கத்தைக் காணலாம். மாட்டிறைச்சி சாசேஜ் ரொட்டியின் மேல் கடுகுச் சாந்து, வெங்காயம், தக்காளி, ஊறிய வெள்ளரி, மிளகாய், செலரி உப்பு ஆகியவற்றை இடுவர். தக்காளிச் சாறு சேர்ப்பதில்லை என்பது உள்ளூர் மரபு. மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சியை அதன் சாற்றில் ஊறவைத்து ரொட்டியில் வைத்துத் தரும் இத்தாலியன் பீஃப் மற்றொரு பரவலான உணவு.

சிகாகோ என்றதும் 1943 இல் அறிமுகமான ஆழ்தட்டு பீட்சா நினைவுக்கு வருகிறது. ஆனால் நகரவாசிகள் அன்றாடம் உண்பது பெரும்பாலும் சதுரத் துண்டுகளாக வெட்டப்படும் மெல்லிய மதுக்கூடப் பாணி பீட்சா ஆகும். தொழிலாளர்கள் வேலை முடிந்து கூடிய தெருமுனை மதுக்கூடங்களில் தட்டின்றி உண்ண ஏற்றதாக இருந்ததால் இது பரவியது என்பர். தள்ளுவண்டி உணவு விற்பனை இங்கு 2015 இல்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்பே மெக்சிக்கோ நாட்டுக் குடியேறிகள் மக்காச்சோள மாவில் செய்த தமாலேயை அதிகாலையில் தெருக்களில் விற்று வந்தனர்.

பெரும் குடிபெயர்வின்போது மிசிசிப்பியில் இருந்து வந்த இசைக்கலைஞர்கள் தங்கள் நாட்டுப்புற புளூஸ் இசையை இங்கு மின் கிதாருடன் இசைத்தனர். மேக்ஸ்வெல் தெருச் சந்தையின் இரைச்சலில் பாட்டு கேட்க வேண்டுமானால் ஒலிபெருக்கி தேவைப்பட்டது. மடி வாட்டர்ஸ் போன்றோரின் இசையை 1950 இல் தொடங்கப்பட்ட செஸ் நிறுவனம் இசைத்தட்டுகளாக வெளியிட்டது. 1977 இல் திறக்கப்பட்ட வேர்ஹவுஸ் என்ற நடன விடுதியில் பிராங்கி நக்கிள்ஸ் வழங்கிய இசை ஹவுஸ் இசை என்ற புதிய வகைக்கு வழிவகுத்தது. கறுப்பினத்தவரும் ஒருபாலீர்ப்பினரும் அச்சமின்றிக் கூட முடிந்த இடமாக இவ்விடுதி விளங்கியது.

வழக்கமான மதுக்கூடங்கள் அதிகாலை 2 மணிக்கும், சிறப்பு உரிமம் பெற்றவை 4 மணிக்கும் மூடுகின்றன. சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. உயர்மட்டத் தொடர்வண்டியின் சிவப்பு, நீல வழித்தடங்கள் இரவு முழுதும் ஓடுகின்றன. மேம்படுத்தி நடித்தல் என்னும் முன்தயாரிப்பில்லா நகைச்சுவை நாடகத்தைப் பரப்பிய செகண்ட் சிட்டி அரங்கு 1959 இல் தொடங்கப்பட்டது. 1984 முதல் நடைபெறும் சிகாகோ புளூஸ் விழாவுக்கும், பில்சன் பகுதியிலுள்ள தேசிய மெக்சிக்கக் கலை அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சிகாகோ கலைக் கழகத்தின் இன்றைய கட்டிடத்திலேயே 1893 இல் உலகச் சமயப் பேரவை நடைபெற்று, விவேகானந்தர் உரையாற்றினார்.

லாஸ் ஏஞ்சலஸ்

சுமார் 39 இலட்சம் மக்கள் 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழும் இந்நகரில் உணவும் வண்டியிலேயே வருகிறது. டாக்கோ எனப்படும் மக்காச்சோள ரொட்டி மடிப்பு இங்கு அன்றாட உணவு. செங்குத்துக் கம்பியில் சுழற்றிச் சுடப்படும் அல் பாஸ்தோர் இறைச்சி, மெக்சிக்கோவில் குடியேறிய லெபனானியர்களின் ஷவர்மாவில் இருந்து தோன்றியது. 2008 இல் கொரிய இறைச்சியை டாக்கோவில் வைத்து விற்ற கோகி உணவு வண்டி, தான் நிற்கும் இடத்தை டுவிட்டர் வழியே அறிவித்துப் புகழ் பெற்றது. கொரியா டவுன், தாய் டவுன், புறநகரான சான் கேப்ரியல் பள்ளத்தாக்கின் சீன உணவகங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதிய ஜோனதன் கோல்ட், 2007 இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் உணவக விமர்சகர் ஆனார். அவர் எழுதியவற்றுள் பல சிறு வணிக வளாகங்களில் இருந்த எளிய குடும்பக் கடைகள் ஆகும்.

நடைபாதையில் உணவு விற்பது இங்கு நெடுங்காலம் குற்றமாகக் கருதப்பட்டது. 2018 இல் இயற்றப்பட்டு 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டம் அதைக் குற்றப் பட்டியலில் இருந்து நீக்கியது. ஆயினும் விற்பனையாளர்களுள் பலர் குடியுரிமை ஆவணங்கள் இல்லாதவர்கள். 2025 சூன் மாதம் கூட்டாட்சி அரசு நகரில் நடத்திய குடிவரவுச் சோதனைகளின்போது பல தெரு வணிகர்கள் அச்சத்தால் கடை போடுவதை நிறுத்தினர்.

மாநிலச் சட்டப்படி அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை மது விற்கக்கூடாது. சில நகரங்களில் இதை 4 மணி வரை நீட்டிக்க முயன்ற சட்டமுன்வரைவை 2018 இல் ஆளுநர் ஏற்க மறுத்தார். ஒரு காலத்தில் பெரும் மின்தொடர்வண்டி வலையமைப்பு இருந்த இப்பகுதியில் அதன் கடைசி வழித்தடம் 1961 இல் மூடப்பட்டது. 1990 இல் மீண்டும் நகரத் தொடர்வண்டி தொடங்கப்பட்டது. ஆனால் அது இரவு முழுதும் ஓடுவதில்லை. ஆகையால் இரவில் வெளியே செல்வோர் எங்கு செல்வது என்பதை முடிவு செய்யும் முன் யார் வண்டி ஓட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டியுள்ளது.

திரைப்படத்துறை தவிர, 1922 முதல் இயங்கும் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கு, 1964 இல் தொடங்கப்பட்ட விஸ்கி எ கோ கோ இசைக்கூடம், 2003 இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி இசையரங்கு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கெட்டி மையம், கிரிபித் வானாய்வகம் ஆகியவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

ஹியூஸ்டன்

சுமார் 23 இலட்சம் மக்களைக் கொண்ட ஹியூஸ்டன், நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டம் இல்லாத மிகப்பெரிய அமெரிக்க நகரம் ஆகும். இச்சட்டத்தை வாக்காளர்கள் கடைசியாக 1993 இல் நிராகரித்தனர். வீடு, பட்டறை, உணவகம் ஆகியவை அடுத்தடுத்து அமைய இது இடமளிக்கிறது. சிறு முதலீட்டில் கடை திறக்க விரும்பும் குடியேறிகளுக்கு இது உதவியாக உள்ளது.

1975 இல் வியட்நாம் போர் முடிந்த பின் ஏராளமான வியட்நாமியர் இங்கு குடியேறினர். அண்டை மாநிலமான லூசியானாவின் நன்னீர்ச் செங்கூனியை வேகவைத்து, பூண்டும் வெண்ணெயும் கலந்து அவர்கள் உருவாக்கிய உணவு வியட் கேஜன் எனப்படுகிறது. டெக்சாஸ் மெக்சிக்க உணவு, புகையில் மெதுவாக வாட்டிய மாட்டிறைச்சி, செக் குடியேறிகள் கொண்டுவந்த கொலாச்சி என்னும் நிரப்பிய பன் ரொட்டி ஆகியவையும் அன்றாடம் உண்ணப்படுகின்றன. ஹில்கிராப்ட் சாலைப் பகுதி இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களால் நிறைந்தது. இப்பகுதிக்கு 2010 இல் மகாத்மா காந்தி மாவட்டம் எனப் பெயரிடப்பட்டது.

மதுக்கூடங்கள் அதிகாலை 2 மணிக்கு மூடுகின்றன. 2004 இல் தொடங்கிய இலகு தொடர்வண்டி நகரின் ஒரு பகுதியை மட்டுமே இணைக்கிறது. கலைத்துறையில் ஹியூஸ்டன் எதிர்பாராத வலிமை உடையது. 1987 இல் திறக்கப்பட்ட மெனில் கலைத்தொகுப்பைக் கட்டணமின்றிக் காணலாம். ஹியூஸ்டன் கிராண்ட் ஓப்பரா 1955 இல் நிறுவப்பட்டது. 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி வெள்ளத்தால் அதன் அரங்கு சேதமடைந்தபோது, மாநாட்டு மண்டபம் ஒன்றில் தற்காலிக மேடை அமைத்து நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. 1990களில் டிஜே ஸ்க்ரூ பாடல்களின் வேகத்தைக் குறைத்து உருவாக்கிய இசைப்பாணி இந்நகருக்கே உரியது.

நியூ ஓர்லியன்ஸ்

2020 இல் 3,83,997 மக்களைக் கொண்டிருந்த நியூ ஓர்லியன்ஸ், பிரெஞ்சு, எசுப்பானிய, ஆப்பிரிக்க, கரீபிய மரபுகள் கலந்த நகரம். இங்கு உணவுக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் என்பதால், அடுப்பில் வைத்துவிட்டுப் போகக்கூடிய சிவப்பு பீன்சும் சோறும் அந்நாளின் உணவாயிற்று. 1929 இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னர் நடத்துநர்களாக இருந்த மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாக ரொட்டி வழங்கினர். 'போ பாய்' என்ற ரொட்டியின் பெயர் அதிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது. வெண்டைக்காய் அல்லது சசாபிராசு இலைப்பொடி சேர்த்துக் கெட்டியாக்கும் கம்போ என்னும் குழம்பு சோற்றுடன் உண்ணப்படுகிறது.

மதுக்கூடங்கள் மூடக் கட்டாய நேரம் எதுவும் இங்கு இல்லை. பிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில் நெகிழிக் குவளையில் மதுவை ஏந்தியபடி தெருவில் நடக்கலாம். பர்பன் தெரு சுற்றுலாப் பயணிகளுக்குரியது. உள்ளூர் இசையைக் கேட்க பிரெஞ்சுமென் தெருவுக்குச் செல்வது வழக்கம். 1961 இல் தொடங்கப்பட்ட பிரிசர்வேஷன் ஹால் மரபு ஜாஸ் இசையைப் பேணுகிறது. அடிமைகள் ஞாயிறுதோறும் கூடி ஆடிப் பாடிய காங்கோ சதுக்கம் இவ்விசை மரபின் வேர்களுள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இசைக்குழுவின் பின்னே மக்கள் ஆடிச் செல்லும் செகண்ட் லைன் ஊர்வலங்களை நடத்தும் சங்கங்கள், உறுப்பினர்களின் மருத்துவத்துக்கும் ஈமச்சடங்குக்கும் உதவிய சங்கங்களின் வழிவந்தவை.

2005 ஆகஸ்ட் 29 அன்று தாக்கிய கத்ரீனா சூறாவளியின்போது கரைகள் உடைந்து நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. 2000 இல் 4,84,674 ஆக இருந்த மக்கள்தொகை 2010 இல் 3,43,829 ஆகக் குறைந்தது. இசைக்கலைஞர்களும் சமையற்காரர்களும் வாழ்ந்த எளிய குடியிருப்புகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. கட்டிடங்களைத் திரும்பக் கட்டலாம், ஆனால் இடம்பெயர்ந்த மக்கள் திரும்பாவிடில் மரபு நிலைக்குமா என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

சுருக்க ஒப்பீடு

- மதுக்கூடம் மூடும் நேரம்: நியூயார்க் 4 மணி, சிகாகோ 2 அல்லது 4 மணி, லாஸ் ஏஞ்சலஸ், ஹியூஸ்டன் 2 மணி, நியூ ஓர்லியன்ஸில் வரம்பு இல்லை.
- இரவு முழுதும் தொடர்வண்டி: நியூயார்க்கில் முழுமையாக, சிகாகோவில் இரு வழித்தடங்கள், லாஸ் ஏஞ்சலஸிலும் ஹியூஸ்டனிலும் இல்லை.
- அன்றாட மலிவு உணவு: நியூயார்க் பீட்சாத் துண்டு, கோழிச் சோறு, சிகாகோ சாசேஜ் ரொட்டி, லாஸ் ஏஞ்சலஸ் டாக்கோ, ஹியூஸ்டன் வியட்நாமிய, டெக்சாஸ் மெக்சிக்க உணவு, நியூ ஓர்லியன்ஸ் போ பாய், சிவப்பு பீன்ஸ்.
- நகரில் தோன்றிய அல்லது உருப்பெற்ற இசை: நியூயார்க் ஹிப் ஹாப், சிகாகோ மின் புளூஸ், ஹவுஸ், நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ்.

தென்னிந்திய உணவு

மரக்கறி உண்பவர்களுக்கு இந்நகரங்களுள் நியூயார்க் மிகவும் வசதியானது. குயீன்ஸ் பகுதியின் பிளஷிங்கில் 1977 இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயிலின் அடித்தள உணவுக்கூடத்தில் தோசை, இட்லி முதலியன விற்கப்படுகின்றன. கோயிலுக்கு வராத பிறரும் இவ்வுணவுக்காக வருகின்றனர். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் இலங்கைத் தமிழர் ஒருவர் நடத்திய தோசைத் தள்ளுவண்டி, தெரு உணவுக்கான வெண்டி விருதை 2007 இல் வென்றது. ஸ்டேட்டன் தீவில் இலங்கை உணவகங்கள் உள்ளன. சிகாகோவின் டெவான் அவெனியூ, ஹியூஸ்டனின் ஹில்கிராப்ட் ஆகிய பகுதிகளிலும் தென்னிந்திய உணவு கிடைக்கிறது. ஹியூஸ்டன் அருகே பியர்லாந்தில் மீனாட்சி அம்மன் கோயில் அமைந்துள்ளது.

சிக்கல்கள்

2020 இல் கொரோனா பெருந்தொற்று இந்நகரங்களின் இரவு வாழ்வை ஒரே வாரத்தில் நிறுத்தியது. மார்ச் 12 அன்று மூடப்பட்ட பிராட்வே அரங்குகளின் பெரும் இசைநாடகங்கள் 2021 செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கின. மூடப்பட்ட இசைக்கூடங்களுக்கும் அரங்குகளுக்கும் உதவ 2020 திசம்பரில் கூட்டாட்சி அரசு 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. வீட்டு வாடகை உயர்வு மற்றொரு சிக்கலாகும். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் இசைப்பவர்களும் நகரின் மையத்தில் வாழ இயலாமல் தொலைவுக்குச் செல்கின்றனர். இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்தபின் அவர்களுக்குத் தொடர்வண்டி இருப்பதில்லை. பாதுகாப்பும் கவனத்துக்குரியது. 2025 சனவரி 1 அதிகாலையில் பர்பன் தெருவில் கூட்டத்தினுள் வண்டியைச் செலுத்தி நடத்தப்பட்ட தாக்குதலில் 14 பேர் கொல்லப்பட்டனர்.

இவ்வைந்து நகரங்களிலும் பொதுவாகக் காணப்படும் ஒன்று உண்டு. இன்று நகரின் பெருமையாகச் சொல்லப்படும் உணவும் இசையும் பெரும்பாலும் ஏழைக் குடியேறிகளாலும் அடிமைகளின் வழிவந்தவர்களாலும் உருவாக்கப்பட்டவை. தள்ளுவண்டி உணவு, மதுக்கூட நடனம் போன்றவை சில நகரங்களில் முன்னர் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தன. உரிமச் சட்டம், மூடும் நேரம், வாடகை, தொடர்வண்டி ஆகிய நான்கும் ஒரு நகரத்தின் அடுத்த உணவும் அடுத்த இசையும் எங்கு தோன்றும் என்பதைத் தீர்மானிக்கும் கூறுகளாக விளங்குகின்றன.